அரைநாள் சிங்கப்பூர்ச் சுற்றுலா: கடைக்காரர் எதைப் பார்த்து வர வேண்டும்?

எண்ணெய்க் கம்பெனி, சோப்புக் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி போன்றவை ஆண்டு இலக்கை முடித்துத் தரும் விநியோகஸ்தர்களையும் கடைக்காரர்களையும் வெளிநாடு அழைத்துப் போவது நாம் அறிந்ததே. நாவலூர், தாழம்பூர், கேளம்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் என்று எந்தக் கடைவீதியில் கேட்டாலும் சிங்கப்பூர் போய் வந்தவர் ஒருவராவது இருப்பார். போய் வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "ரொம்பச் சுத்தம் சார்" என்பார். சிங்கத் தலையும் மீன் உடலுமாக இருக்கும் சிலையின் முன்னால் எடுத்த படத்தைக் காட்டுவார். அத்தோடு சரி. இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்து, வாசலில் கால் வைக்கும்போதே வாடிக்கையாளரை எடைபோடப் பழகியவர் ஓர் ஊரைப் பார்த்து வந்து சொல்வது இவ்வளவுதானா என்று நமக்கு ஆதங்கம் உண்டு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ ரயில் வழித்தடத்துக்கான தூண்கள் நம் பழைய மகாபலிபுரம் சாலையில் எழும்பியிருக்கின்றன. தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. பெரிய அங்காடிகள் வந்துவிட்டன. போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் வெங்காயம் கொண்டுவரும் பையன்கள் நம் கடை வாசல் வழியாகவே வண்டி ஓட்டிப் போகிறார்கள். ஊர் நவீனமாகும்போது சின்ன வியாபாரிக்கு அந்த ஊரில் இடம் உண்டா இல்லையா என்பதுதான் இன்று நம் முன் உள்ள கேள்வி. சிங்கப்பூர் இந்தக் கேள்விக்கு நமக்கு ஐம்பது ஆண்டு முன்னதாகவே முகம் கொடுத்த ஊர். சிலருக்கு இடம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. அந்த அரைநாள் பேருந்தின் ஜன்னல் வழியாகவே அதைப் பார்த்துவிடலாம்.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மீனம்பாக்கத்திலிருந்து விமானம் நாலு, நாலரை மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். விசா வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வாயில் போட்டு மெல்லும் புகையிலைப் பொட்டலம் எதுவும் பையில் இருக்கக் கூடாது. சூயிங்கம் விற்பனைக்கு 1992 முதல் தடை. சிகரெட் ஒரு பாக்கெட் கொண்டுபோனாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

அரைநாள் சுற்றுலா என்பது பெரும்பாலும் காலையில் ஓட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு, மூன்றரை நான்கு மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவிடுவது. கூட வரும் வழிகாட்டி அந்நாட்டுச் சுற்றுலாக் கழகத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் கழுத்தில் தொங்கும் அட்டை அதுதான். உரிமம் இல்லாதவர் கூலிக்கு வழி காட்டினால் குற்றம். பெரும்பாலானோர் விஷயம் தெரிந்தவர்கள். கேள்வி கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். ஆனால் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?" என்பது ஒன்றுதான்.

ஆற்றங்கரையில்

பேருந்து முதலில் போவது ஆற்று முகத்துவாரம். மெர்லயன் சிலை 1972இல் வைக்கப்பட்டது. எட்டரை மீட்டருக்குச் சற்று மேல் உயரம். 2002இல் இப்போதுள்ள இடத்துக்கு நகர்த்தினார்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. எடுத்து முடித்ததும் முதுகைத் திருப்பி ஆற்றைப் பாருங்கள்.

இந்த ஆறு ஒரு காலத்தில் சரக்குப் படகுகளால் நிறைந்து கிடந்தது. இரு கரையிலும் கிடங்குகள், அரிசி மூட்டை, ரப்பர், கொப்பரை. கழிவும் குப்பையும் சேர்ந்து நாற்றம் தாங்காமல் போனது. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுத் திட்டமாக ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1983இல் சரக்குப் படகுகளை வேறு கரைக்கு அனுப்பினார்கள். கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் தினம் தாண்டிப் போகும் நமக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் பெருமூச்சு வரத்தான் செய்யும். அது இருக்கட்டும்.

ஆற்றுக்குப் பக்கத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. பேருந்து அங்கே நிற்காது. வழிகாட்டியும் பெரும்பாலும் சொல்லமாட்டார். நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த இடம் அது. ஒரு மேசைப் பெட்டி, ஒரு பாய், கணக்கு ஏடு, அவ்வளவுதான் அலுவலகம். அங்கே உட்கார்ந்து அந்த ஊர் வியாபாரத்துக்கே கடன் கொடுத்தார்கள். 1970களில் நகரச் சீரமைப்பு வந்தது. கிட்டங்கிகள் இடிந்தன. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள்தான். அண்ணாந்து பார்க்கும்போது அடியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நாம் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

கடை எரிந்த நாராயண பிள்ளை

அடுத்தது சீனர் பேட்டையான சைனாடவுன். அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் கோபுரத்தோடு நிற்பது மாரியம்மன் கோயில். 1827இல் மரமும் கூரையுமாக எழுந்த கோயில். நம்மவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு வருவார்கள். அதைக் கட்டியவர் ஒரு வியாபாரி என்பது பலருக்குத் தெரியாது.

நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸோடு சிங்கப்பூர் வந்தார். வீடு கட்ட ஊரில் செங்கல் இல்லை என்று கண்டு தஞ்சோங் பகாரில் சூளை போட்டார். பிறகு துணிக்கடை வைத்தார். 1822இல் தீப்பிடித்துக் கடை எரிந்தது. சரக்கெல்லாம் கடனுக்கு எடுத்தது; கொடுத்த வெள்ளைக்கார வியாபாரிகள் நெருக்கினார்கள். அவர் ராஃபிள்ஸிடம் நேரில் போய் நிலைமையைச் சொன்னார். வணிகச் சதுக்கத்தில் இடம் கிடைத்தது. மறுபடியும் கடை கட்டி எழுந்தார். கோயில் அதற்குப் பிறகு வந்தது. கடனுக்குச் சரக்கு எடுத்த கடை எரிந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தீக் காப்பீடு எடுக்காமல் இன்னும் நம்மில் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று அந்த வாசலில் நிற்கும்போது எண்ணிப் பார்க்கலாம்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தெலுக் ஆயர் தெரு. சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலைக் காட்டுவார்கள். அதே தெருவில் நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. 1828–30 ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அன்று அந்தத் தெருதான் கடற்கரை. பிழைத்துக் கரை சேர்ந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே நன்றி சொல்லியிருக்கிறார்கள். பின்னால் கடலைத் தூர்த்துவிட்டதால் இன்று கடல் கண்ணுக்குத் தெரியாது.

ஐந்தடி

இந்தத் தெருக்களில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள். கீழே கடை, மேலே வீடு என்ற வரிசைக் கட்டடங்கள். ஒவ்வொரு கடைக்கு முன்னும் மாடி நிழலில் ஐந்தடி அகலத்தில் தொடர்ச்சியாக ஒரு நடைபாதை. 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே, தெருவின் இரு பக்கமும் மூடிய நடைவழி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. வெயிலிலும் மழையிலும் வாடிக்கையாளர் நனையாமல் கடை கடையாகப் போகலாம். நம் ஊரில் மழை பெய்தால் கடைத்தெருவே காலி. ஓர் ஐந்தடி நிழல் எத்தனை வியாபாரம் செய்யும் என்பது நமக்குப் புரியும்.

விதி வந்த உடனே எல்லாரும் ஒழுங்காக நடந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர்கள் மூட்டையையும் பெட்டியையும் ஐந்தடியில் அடுக்கினார்கள். சில்லறை வியாபாரிகள் அங்கேயே தட்டு விரித்தார்கள். 1888இல் நகராட்சி இவற்றை அகற்றப் புறப்பட்டது. கடைகள் அடைக்கப்பட்டன. மூன்று நாள் கலவரம். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஐந்தடியில் வியாபாரம் நடந்தபடியே இருந்தது. பூட்டுச் சாவி செய்பவர், முடி வெட்டுபவர், பத்திரிகை விற்பவர் எல்லாரும் அங்கேதான் பிழைத்தார்கள். எனவே, "அவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள், நம்மவர்கள் அப்படியல்ல" என்று பேருந்தில் யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். நம் கடைக்கு முன்னால் எண்ணெய் டின்னும் துடைப்பக் கட்டும் நடைபாதையில் நிற்பது போலத்தான் அங்கேயும் நின்றது. அது மாறியது வேறு காரணத்தால்.

தட்டு வியாபாரிக்குக் கிடைத்த இடம்

சைனாடவுனிலோ தேக்காவிலோ ஓர் உணவங்காடியைக் காட்டுவார்கள். ஒரே கூரையின் கீழ் ஐம்பது, நூறு சின்னக் கடைகள். குழாய்த் தண்ணீர், சாக்கடை, மின்சாரம், பொது மேசைகள். நம்மவர்கள் "பரோட்டா கிடைக்குமா" என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும் என்போம்.

1968–69இல் தீவு முழுவதும் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 18,000 பேர் பதிவானார்கள். அவர்களை ஒரேயடியாக விரட்டவில்லை. தற்காலிக உரிமம் கொடுத்து, போக்குவரத்து குறைவான பக்கத் தெருக்களுக்கு நகர்த்தினார்கள். 1971 முதல் கூரை போட்ட அங்காடிகளைக் கட்டத் தொடங்கினார்கள். 1986க்குள் தெருவோர வியாபாரிகளை எல்லாம் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். தெருவிலிருந்து வந்தவர்களுக்கு வாடகையில் சலுகை இருந்தது. நகர்ந்தவர்கள் எல்லாரும் மகிழ்ச்சியோடு போனார்கள் என்று சொல்ல முடியாது. பழைய இடத்தில் இருந்த கூட்டம் புதிய இடத்தில் உடனே வந்துவிடுமா? ஆனாலும் இடம் கட்டி முடித்த பிறகே ஆளை எழுப்பினார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து மொத்தக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. அன்று புலம்பியவர்கள் பலர். இன்று அந்த நெரிசலுக்குத் திரும்பப் போகச் சொன்னால் யார் போவார்? ஆனால் போன இடத்தில் கடை கிடைத்தது யாருக்கு, மூட்டை தூக்கியவருக்கும் தட்டு வைத்திருந்தவருக்கும் என்ன கிடைத்தது என்று பழைய ஆட்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

சிங்கப்பூரில் பதிவேட்டில் பெயர் இருந்தவருக்குத்தான் கடை கிடைத்தது. இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம் சாலையில் எத்தனை கடைகளுக்கு எழுத்தில் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது? தொழில் உரிமம் யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில் இருந்து, அவர் காலமான பிறகும் மாற்றாமல் கிடக்கிறதா? நாளை சாலை விரிவாக்கத்துக்கோ நிலைய வாசலுக்கோ அளக்க வந்தால், "முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறோம்" என்ற வாய்ச்சொல் எடுபடாது. நம் நாட்டில் தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதிலும் முதல் படி கணக்கெடுப்பும் சான்றும்தான். நம் கடைக்கு எதிரே தள்ளுவண்டி வைத்திருப்பவரைப் போட்டியாளராக மட்டும் பார்க்காமல், அவருக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

நடுவில் ஒரு 'கட்டாய' நிறுத்தம்

சில சுற்றுலாக்களில் ரத்தினக் கல் கடை, கைவினைக் கடை என்று எங்காவது நாற்பது நிமிடம் நிறுத்துவார்கள். குளிர்சாதனம், குடிக்க ஏதாவது, கழிப்பறை எல்லாம் இருக்கும். வியாபாரிகளான நமக்கு இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆள் கொண்டுவந்தவருக்குக் கமிஷன், அது விலையில் ஏறியிருக்கிறது. கழிப்பறையைப் பயன்படுத்திக்கொண்டு, அலமாரியில் விளக்கை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் போதும்.

தாவரவியல் பூங்காவுக்குப் போனால் ஆர்க்கிட் பூக்களைப் பார்ப்பீர்கள். 1859இல் தொடங்கிய பூங்கா அது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கான ஆரம்பக் கன்றுகள் அங்கே வளர்ந்தவை. நம் தாத்தா தலைமுறையில் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியவர்களின் கதை அங்கே போய் முட்டுகிறது.

தேக்காவில் மளிகைக்காரர் கண்

கடைசியில் சிராங்கூன் சாலை. லிட்டில் இந்தியா என்பார்கள், தமிழர்களுக்குத் தேக்கா. முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், அப்பளக் கட்டு என்று எல்லாம் இருக்கும். வாடிக்கையாளரின் வேலைநாளைப் பார்த்து அங்கே கடை நடத்துகிறார்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டமாக வருவார்கள். அந்த ஒரு நாளைக்கு ஏற்ற சரக்கு, சிறு பொட்டலம், பணம் அனுப்பும் வசதி, போன் சிம் எல்லாம் அடுத்தடுத்துக் கிடைக்கும். நம் பகுதியிலும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடுகு எண்ணெயும் ஆட்டா மாவும் வாங்கி வைத்தவர் பிழைத்துக்கொண்டார். "நம்ம ஊர்க்காரர்கள் கேட்பதில்லையே" என்றவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

முஸ்தஃபா சென்டரை எல்லாரும் பார்ப்பார்கள். 1971இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடைக் கடையாகத் தொடங்கியது, 1995இல் சையத் ஆல்வி சாலையில் பெருங்கடையாக எழுந்தது. அங்கே எந்தப் பொருளை எடுத்தாலும் விலைச்சீட்டு இருக்கிறது. நம் கடைகளில் பாதிச் சரக்குக்கு விலை முதலாளியின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் கல்யாணத்துக்குப் போனால் விலையும் கூடவே போய்விடுகிறது.

சிகரெட் விற்கும் நம் நண்பர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம். 2017 ஆகஸ்ட் முதல் அங்கே கடைகளில் புகையிலைப் பொருளைக் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது. கேட்பவருக்கு உள்ளிருந்து எடுத்துத் தர வேண்டும். 21 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. பிளாஸ்டிக் பை விஷயமும் சுவையானது. 2023 ஜூலை 3 முதல் பைக்குக் குறைந்தது ஐந்து காசு வாங்க வேண்டும் என்ற விதி, ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள பெரிய அங்காடிகளுக்கு மட்டுமே. மூலைக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பெரிய கடை, சின்னக் கடை எல்லாருக்கும் ஒன்றுதான். தடை தேவை என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. சுமையை முதலில் யார் தோளில் வைப்பது என்பதில்தான் யோசிக்க இடமிருக்கிறது.

பேருந்து காட்டாத கடை

சுற்றுலா மதியத்தோடு முடிந்துவிடும். பிற்பகலில் தூங்காதீர்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி நியூட்டனில் மாறினால் சிறிது நேரத்தில் தோ பாயோ. அரசு வீட்டு வசதிக் கழகம் கட்டிய பழைய அடுக்குமாடிப் பேட்டைகளில் ஒன்று. அந்நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இத்தகைய வீடுகளில்தான் வசிக்கிறார்கள். கட்டடங்களின் அடித்தளத்தில் ஒரு சின்னக் கடையைத் தேடுங்கள். ரொட்டி, மிட்டாய், பேட்டரி, குடை, தலைவலி மாத்திரை, பத்திரிகை என்று கூரைவரை தொங்கும். அதற்கு அங்கே 'மாமா கடை' என்று பெயர். சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். தமிழ் முஸ்லிம் கடைக்காரரை 'மாமா' என்று கூப்பிட்ட பழக்கம் கடைக்கே பெயராகிவிட்டது.

1973இல் தொழிற்சங்கம் விலைவாசியை அடக்கக் கூட்டுறவு அங்காடி திறந்தது. இன்றைய ஃபேர்பிரைஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1983இல் 7-லெவன் வந்தது. வாடகை ஏறியது. கடைக்காரர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். மாமா கடைகள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் ஒழிந்துவிடவில்லை. மிஞ்சியிருக்கும் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை சில்லறையை எண்ணி வைக்கிறது. பாட்டி ஒருத்தி லிஃப்டில் இறங்கிச் செருப்போடு வந்து பால் வாங்குகிறாள். பெரிய அங்காடிக்குப் போக உடை மாற்ற வேண்டும்; இங்கே வேண்டியதில்லை. கடைக்காரர் தமிழராக இருந்தால் பேச்சுக் கொடுங்கள். வாடகை எவ்வளவு, கொள்முதல் எங்கே, இரவு எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள், உங்களுக்குப் பிறகு யார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை மறக்காமல் குறித்துக்கொண்டு வந்தால், நமது அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கித் தருகிறோம்.

திரும்பும்போது வரி பற்றி ஒரு வார்த்தை. அங்கே சரக்கு சேவை வரி 2024 முதல் 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் சுற்றுலாப் பயணி அதைத் திரும்பக் கேட்கலாம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும்; ஆகவே பெட்டியை விமானத்தில் போடக் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.